கன்றுக்குட்டி சீரமும் தடுப்பூசியும்: கேட்க வேண்டிய கேள்வி வேறு

கோவாக்சின் தடுப்பூசியில் கன்றுக்குட்டியின் ரத்தம் கலந்திருக்கிறதா?

2021-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் டெல்லி முதல் தாராவி வரை அடிபட்ட கேள்வி இது. கொரோனாவின் இரண்டாவது அலை அப்போதுதான் சற்று தணிந்திருந்தது. ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றவர்களும் உண்டு. தயங்கி வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. அந்த நேரத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்ட கேள்விக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுப்பிய பதில் வெளியாயிற்று. கோவாக்சின் தயாரிப்பதற்கான "வெரோ" செல்களை வளர்க்க, புதிதாகப் பிறந்த கன்றின் சீரம் பயன்படுகிறது என்று அதில் இருந்தது.

காங்கிரஸ் கட்சியின் சமூக ஊடகப் பிரிவு நிர்வாகி ஒருவர் இதை வெளியிட்டு, மக்களிடம் முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தடுப்பூசிக்கு எதிராக வதந்தி கிளப்புகிறார்கள் என்று பா.ஜனதா பதிலடி கொடுத்தது. ஜூன் 16-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டது.

அதன் சாரம் வருமாறு:- கன்றின் சீரம், செல்களை வளர்ப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. செல்கள் வளர்ந்ததும் அவை பல முறை கழுவப்படுகின்றன. அதற்குப் பிறகுதான் கொரோனா வைரஸ் உள்ளே விடப்படுகிறது. வைரஸ் பெருகும்போது செல்கள் அழிந்து விடுகின்றன. பிறகு வைரஸ் கொல்லப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டு, தடுப்பூசி ஆகிறது. ஆகவே கடைசியில் கிடைக்கும் தடுப்பூசியில் கன்றின் சீரம் இல்லவே இல்லை. போலியோ, வெறிநாய்க்கடி போன்ற தடுப்பூசிகளிலும் பல ஆண்டுகளாக இதே முறைதான்.

ஐந்தே நாளில், ஜூன் 21-ந் தேதி, 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் இலவசத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பரபரப்பு அடங்கியது. கட்சிக்காரர்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

அமைச்சகம் சொன்ன தயாரிப்பு முறை சரியானதே. சீரம் பயன்படுத்துவது ஏற்கனவே விஞ்ஞான ஏடுகளில் வந்த விஷயம்தான் என்று கோவாக்சின் தயாரிப்பாளரான பாரத் பயோடெக் நிறுவனம் சொன்னதும் சரியே. ஆனால் விஞ்ஞான ஏட்டில் ஆங்கிலத்தில் வந்ததை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? "ஊசியில் கன்று இருக்கிறதா" என்று ஒரு பக்கம் கேட்டது. "இல்லை" என்று மறுபக்கம் சொன்னது. அந்தச் சீரம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, அதை யார் பரிசோதிக்கிறார்கள், அது வராமல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று இரு தரப்பும் பேசவில்லை.

பம்பாயில் நடந்த பழைய கதை

தடுப்பூசிக் கிருமிக்கு எதை உணவாகப் போடுவது என்ற பிரச்சினை இந்தியாவுக்குப் புதிதல்ல. 125 ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் எழுந்த பிரச்சினைதான் இது.

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. ஒடேசாவில் பிறந்த யூத விஞ்ஞானி வால்டெமர் ஹாப்கின், அந்த ஆண்டு அக்டோபரில் இங்கே வந்து சேர்ந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான். 1897 ஜனவரி 10-ந் தேதி, தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில் கைதிகளிடம் சோதனை நடந்தது.

ஐரோப்பாவில் கிருமிகளுக்கு மாட்டிறைச்சிச் சாறுதான் வழக்கமான உணவு. இந்த நாட்டில் அது நடக்காது என்பதை ஹாப்கின் புரிந்துகொண்டார். மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஆட்டு இறைச்சியை அமிலத்தில் கரைத்துச் சாறு எடுத்தார். அதன் மேல் சில சொட்டு நெய் விட்டார். நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுதுபோல் கீழே இறங்கி வளர்ந்தன. குடுவையை ஆட்டினால் விழுது உதிரும், மறுபடியும் வளரும். நெய்யில் வளர்ந்த தடுப்பூசி என்று சொன்னால் இன்று சிரிப்பு வரலாம். லட்சக்கணக்கான பேருக்குப் போடப்பட்ட ஊசி அது.

அதனால் வதந்தியே கிளம்பவில்லை என்று சொல்ல முடியாது. பிளேக் காலத்து வதந்திகள் ஏராளம். ஆனாலும், 1857-ல் கொழுப்பு தடவிய தோட்டாவினால் மூண்ட தீயை மறக்காத நாட்டில், ஒரு வெளிநாட்டுக்காரர் ஊசி போடுவதற்கு முன்பே யோசித்து வைத்தார். 2021-ல் நம்மவர்கள் ஊசி போட்டு ஐந்து மாதம் கழித்து, கேள்வி வந்த பிறகுதான் விளக்கம் சொன்னார்கள்.

2020 டிசம்பரிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. சீனத் தடுப்பூசியில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பதாகப் பேச்சு எழுந்து, மும்பையில் முஸ்லிம் அமைப்பு ஒன்று ஆட்சேபம் தெரிவித்தது. ஜெலட்டின் என்பது தடுப்பூசி கெடாமல் இருக்கச் சேர்ப்பது; செல்லுக்கு உணவு அல்ல. விஷயம் வேறு என்றாலும் மக்களின் மனநிலை ஒன்றுதான். என்ன சேர்க்கிறார்கள் என்று முதலில் ஒருவர் சொல்லிவிட்டால் அது செய்தி. மறைத்ததாகத் தெரிந்தால் அது கலவரம்.

செல்லுக்குச் சோறு

பிளேக் கிருமி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. சாறு ஊற்றினால் தானே தின்று வளரும். வைரஸ் அப்படி அல்ல. அது எதையும் தின்பதில்லை. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்துதான் பெருகும். ஆகவே வைரஸ் வேண்டும் என்றால் முதலில் செல்லை வளர்க்க வேண்டும். தீவனம் செல்லுக்குத்தான்.

1949-ல் அமெரிக்காவில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூவர், நரம்புத் திசு இல்லாமலே போலியோ வைரசைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டினார்கள். 1954-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் வைரஸ் வளர்க்க விலங்கின் மூளையோ, கோழி முட்டையோ தேவை. நீலகிரி மாவட்டம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இமாசலத்தில் கசௌலியிலும் ஆட்டு மூளையிலிருந்துதான் வெறிநாய்க்கடி மருந்து தயாரித்தார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அந்த ஊசிதான். நரம்புத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது. 2004-ம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். இப்போது நாய் கடித்தால் கையில் போடும் ஊசி, செல் வளர்ப்பில் தயாரானது. தெருநாய்ப் பிரச்சினை 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது எல்லோருக்கும் தெரியும். கடி வாங்கியவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசிக்குப் பின்னாலும் இந்தத் தீவன விவகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

வெரோ செல் என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962 மார்ச் மாதம் ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டது. எஸ்பரான்டோ என்ற பொதுமொழியில் பச்சைச் சிறுநீரகம் என்பதைக் குறிக்கும் சொற்களைச் சுருக்கி அந்தப் பெயர் வைத்தார்கள். அன்று எடுத்த செல்லின் வாரிசுகள்தான் இன்று உலகெங்கும் தடுப்பூசிக் கூடங்களில் வளர்கின்றன. புதிதாகக் குரங்கைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இந்தச் செல்லுக்கு என்ன சாப்பாடு?

உப்பு வேண்டும். குளுக்கோஸ் சர்க்கரை வேண்டும். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் வேண்டும். வைட்டமின்கள் வேண்டும். 1950-ல் கனடாவில் டொரண்டோ நகரின் கானாட் ஆய்வுக்கூடத்தில் "மீடியம் 199" என்ற கலவையை உருவாக்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து சேர்த்த கலவை அது. ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கு அதுதான் கை கொடுத்தது. 1955-ல் ஹாரி ஈகிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி, செல் உயிர் வாழக் குறைந்தபட்சம் என்னென்ன தேவை என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக் கணக்கெடுத்தார். 13 அமினோ அமிலங்கள், 8 வைட்டமின்கள் என்பது அவர் தந்த ரேஷன் பட்டியல். அவர் பெயரில் உள்ள கலவை இன்றும் விற்கிறது.

கலவை சிவப்பு நிறமாக இருக்கும். அதில் ஒரு சாயம் சேர்த்திருப்பார்கள். செல்கள் தின்று கழிவை வெளியேற்ற வெளியேற்ற, அமிலம் கூடி, நிறம் மஞ்சளுக்கு மாறும். ரெயில் சிக்னலில் மஞ்சள் விழுந்தால் டிரைவர் கவனிப்பதைப்போல, இங்கேயும் மஞ்சளைக் கண்டால் தீவனத்தை மாற்ற வேண்டும். அமினோ அமிலங்களில் குளூட்டமின் என்பது கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். கலவையில் வைத்திருந்தாலே நாளடைவில் சிதைந்து அமோனியா ஆகும். அமோனியா செல்லுக்கு விஷம். ஆகவே அதைக் கடைசி நேரத்தில் சேர்ப்பார்கள். அல்லது சிதையாத வடிவத்தில் வாங்குவார்கள். மருந்துக் கடையில் ஊட்டச்சத்து மாத்திரை வாங்குவதைப்போல நினைத்த அளவில் அள்ளிப்போட முடியாது. கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி.

இத்தனையும் கொடுத்தாலும் செல் சவலைப் பிள்ளை மாதிரி இருக்கும். நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சீரம் ஊற்றினால் கிடுகிடுவென்று வளரும். ரத்தம் உறைந்த பிறகு மேலே பிரியும் வெளிர் மஞ்சள் நீர்தான் சீரம். அதில் வளர்ச்சி ஹார்மோன்கள், இரும்பைச் சுமக்கும் புரதம், செல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள உதவும் பொருள், விஷத்தை முறிக்கும் பொருள் என்று எத்தனையோ இருக்கின்றன. அதில் உள்ள அத்தனையையும் இன்று வரை முழுதாகப் பட்டியல் போட முடியவில்லை. பாட்டி வைக்கும் குழம்பு மாதிரிதான். ருசி தெரியும், கணக்கு தெரியாது.

ஏன் கன்று, ஏன் பெரிய மாடு கூடாது என்றால், வயதான மாட்டின் சீரத்தில் அது வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கெல்லாம் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை வளர்க்கும் வைரசையே முடக்கக்கூடும். இளங்கன்றிடம் அது குறைவு. கருவில் இருக்கும் கன்றிடம் இன்னும் குறைவு. அதனால்தான், கசாப்புக் கூடத்தில் சினைப்பசு அறுபடும்போது கருவிலிருக்கும் கன்றின் ரத்தத்தை எடுக்கும் வழக்கமும் உலகில் உண்டு. மனதை உறுத்தும் காரியம்தான். வெளிநாட்டு விஞ்ஞானிகளே இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதி வருகிறார்கள். கோவாக்சினுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்டது பிறந்த கன்றின் சீரம். கருவிலிருந்து எடுத்தது அல்ல.

"இல்லவே இல்லை" என்ற சொல்

அமைச்சகத்தின் அறிக்கையில் ஒரு சொல்லைப் பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். "இல்லவே இல்லை" என்றது அது. தடுப்பூசி விஞ்ஞானிகள் இப்படிப் பேசுவது அபூர்வம். உலக சுகாதார நிறுவனம் செல் வளர்ப்புத் தடுப்பூசிகள் பலவற்றுக்கு ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஒரு டோஸில் மிச்சமிருக்கும் மாட்டு சீரப் புரதம் 50 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிராமை 2 கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. கோவாக்சின் ஊசியில் இருந்த கொல்லப்பட்ட வைரஸ் பொருளே 6 மைக்ரோகிராம்தான். 50 நானோகிராம் அதிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவு.

இதைச் சொல்லியிருந்தால் போதும். "கழுவி நீக்குகிறோம், மிஞ்சினால் இந்த அளவுக்கு மேல் கூடாது என்று உலக விதி இருக்கிறது, ஒவ்வொரு தொகுப்பும் கசௌலி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகிறது" என்று கணக்கோடு சொல்லியிருந்தால் கேட்டவருக்கும் நம்பிக்கை வந்திருக்கும். சாமானிய மக்களுக்கு நானோகிராம் புரியாது என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள் போலும். தங்கத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து வாங்கும் மக்களுக்கு அளவு புரியாதா?

சீரத்தோடு வந்த வினைகள்

சீரத்தைப் பற்றிய உண்மையான பயம் மதம் சார்ந்தது மட்டுமல்ல. அது ஒரு பிராணியின் ரத்தத்திலிருந்து வருவது. அந்தப் பிராணிக்கு இருந்த நோயும் கூடவே வரலாம்.

1942-ல் நடந்ததைப் பாருங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்தத் தடுப்பூசி கெடாமல் இருக்க மனித சீரம் சேர்த்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருந்திருக்கிறது. விளைவு, சுமார் 50 ஆயிரம் வீரர்கள் காமாலையில் படுத்தார்கள். அது "ஹெபடைடிஸ் பி" என்பது பல ஆண்டுகள் கழித்து உறுதியாயிற்று. அந்த ஆண்டே சீரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் தண்ணீரில் அதே தடுப்பூசியைத் தயாரித்தார்கள். தொல்லை நின்றது.

பிரிட்டனில் 1986-ல் மாடுகளுக்குப் பைத்தியம் பிடிக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதனுக்கும் தொற்றலாம் என்று 1996-ல் அந்நாட்டு அரசாங்கமே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் மாட்டுப் பொருள் எதையும் தடுப்பூசித் தயாரிப்பில் பயன்படுத்தாதீர்கள் என்று விதி வந்தது. இருந்தும் 2000-ம் ஆண்டு அக்டோபரில், அங்கே பயன்பாட்டில் இருந்த ஒரு போலியோ சொட்டு மருந்து பிரிட்டிஷ் மாட்டுச் சீரத்தில் வளர்க்கப்பட்டது தெரியவந்து, அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். ஆபத்து மிக மிகக் குறைவு என்றார்கள். ஆனால் விதி இருந்தும் அது எப்படி நழுவியது? சீரப் புட்டியின் மூலம் எந்த நாடு என்று கடைசிவரை துருவிப் பார்க்க ஆள் இல்லாததுதான் காரணம். ஒரு பார்சலை எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள் என்பது சீட்டில் இல்லாவிட்டால் ரெயில்வேயில் அதை இறக்கவே மாட்டார்கள்.

2010 மார்ச்சில் இன்னொன்று. குழந்தைகளுக்கான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஒன்றில் பன்றியிடம் காணப்படும் ஒரு வைரசின் தடயம் இருந்தது. செல்களைக் குடுவையிலிருந்து பிரித்தெடுக்கப் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் டிரிப்சின் என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள். அது வழியாக நுழைந்திருக்கும் என்று கருதப்பட்டது. அமெரிக்காவில் அந்த மருந்தை நிறுத்தி வைத்து, மனிதனுக்குக் கெடுதி இல்லை என்று பார்த்து, மே மாதம் மறுபடி அனுமதித்தார்கள். தீவனமும் துணைப் பொருளும் சுத்தமாக இருந்தால்தான் ஊசி சுத்தம் என்பதை இந்தச் சம்பவங்கள் உலகத்துக்குக் கற்பித்தன.

யார் நாட்டுக் கன்று?

இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் பசுவையும் கன்றையும் அறுக்கத் தடை உண்டு. மராட்டியத்தில் 1976-ம் ஆண்டுச் சட்டமே பசு வதையைத் தடுத்தது. 2015-ல் காளைக்கும் எருதுக்கும் அது நீண்டது. எனவே தடுப்பூசித் தரத்தில் கன்றுச் சீரம் வேண்டுமானால் வெளிநாட்டுப் பக்கம்தான் பார்க்க வேண்டும். பைத்திய நோய் இல்லாத நாடுகள் என்பதால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சரக்குக்கு உலகெங்கும் மவுசு. பால் பண்ணைகளில் பிறந்து சில நாளே ஆன, பண்ணைக்கு வேண்டாத கன்றுகள் அங்கே அறுக்கப்படுகின்றன. இங்கே கூடாது என்பதை அங்கே செய்து, டாலரில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். இங்கே பசுவின் பெயரால் அரசியல் நடத்துபவர்களும் சரி, அந்த அரசியலை எதிர்ப்பவர்களும் சரி, இந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாடுகளுக்கு வரும் கோமாரி நோயை ஒழிக்க மத்திய அரசு 2019 செப்டம்பரில் 13 ஆயிரத்து 343 கோடி ரூபாய் திட்டத்தை மதுராவில் தொடங்கியது. அந்தத் தடுப்பூசி, வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்லில் வளர்கிறது. அந்தச் செல்லுக்கும் வழக்கமான தீவனம் மாட்டுச் சீரம்தான். மாட்டைக் காக்கும் ஊசிக்கு மாடே தீவனம் கொடுக்கிறது.

சீரத்தை விடுங்கள். மற்றத் தீவனத்திலும் இதே கதைதான். 2021 ஏப்ரல் 16-ந் தேதி புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அடார் பூனவாலா, அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடனுக்குப் பகிரங்கமாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். தடுப்பூசி மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்குப் போட்ட தடையை நீக்குங்கள் என்பது அது. செல் வளர்க்கும் பைகள், வடிகட்டிகள், செல் தீவனக் கலவைகள் ஆகியவை எல்லாம் அந்தச் சிக்கலில் மாட்டியிருந்தன. உலகத்துக்கே தடுப்பூசி செய்து கொடுக்கும் நாடு என்று பெயர் வாங்கிய இந்தியா, உலை வைக்க அரிசிக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது. ஒன்பது நாள் கழித்துத்தான் வாஷிங்டன் கொஞ்சம் இறங்கி வந்தது. அந்த நாட்களில் இந்தியாவில் சுடுகாடுகளில் இடமில்லை.

அதே ஏப்ரலில்தான், பரேலில் ஹாப்கின் பெயரில் உள்ள அரசு மருந்து நிறுவனத்திலும் கோவாக்சின் தயாரிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு 22 கோடியே 80 லட்சம் டோஸ் இலக்கு. மத்திய அரசு 65 கோடி, மராட்டிய அரசு 94 கோடி என்று பணம் பேசப்பட்டது. ஆலை, எந்திரம், டோஸ் கணக்கு எல்லாம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. அந்தச் செல்கள் என்ன தின்னும், அது எந்தக் கப்பலில் வரும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாற்று இல்லையா?

இருக்கிறது. சீரமே இல்லாத தீவனங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சீரத்தில் எது எது செல்லுக்கு உதவுகிறது என்று பார்த்து, அதைத் தனித்தனியாகச் சேர்ப்பது இந்த முறை. இன்சுலின், இரும்பு சுமக்கும் டிரான்ஸ்பெரின், செலினியம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஒரு காலத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலினை இப்போது ஈஸ்ட் அல்லது பாக்டீரியாவில் செய்கிறார்கள். டிரிப்சினும் அப்படியே வந்துவிட்டது. சோயாவிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் எடுத்த சாறும் பயன்படுகிறது. பிரான்சின் சனோபி நிறுவனம் சீரம் இல்லாமல் வெரோ செல்லில் வளர்த்த வெறிநாய்க்கடி தடுப்பூசியை மனிதர்களிடம் சோதித்து முடிவுகளையும் வெளியிட்டிருக்கிறது.

பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை? மாறுவது சுலபமல்ல. ஒரு தடுப்பூசிக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது அதன் தயாரிப்பு முறைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். தீவனத்தை மாற்றினால் செல்லின் குணம் மாறலாம், விளைச்சல் குறையலாம், வைரசின் தன்மையே மாறலாம். பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று சோதனை நடத்தி நிரூபிக்க வேண்டும். சில சமயம் மனிதர்களிடமே மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு ஆண்டுகளும் கோடிகளும் ஆகும். அரசாங்கம் குறைந்த விலைக்கு வாங்கும் ஊசிக்கு எந்த முதலாளி இந்தச் செலவைச் செய்வார்? குறைந்த விலை டெண்டர் போட்டுவிட்டு, தொழில்நுட்பம் மட்டும் தானாக உயர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அவசரக் காலத்தில், 2021-ல், மாற்றியிருக்கவும் முடியாது. தெரிந்த வழியில் போனதுதான் சரி. அமைதியாக இருக்கும் ஆண்டுகளில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. உயிரோடு இருக்கும் மாட்டிடமிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சீரம் தயாரிப்பது. மனிதர்கள் ரத்ததானம் செய்வதைப்போலத்தான். மாடு சாவதில்லை. வெளிநாடுகளில் இது நடக்கிறது. இந்தியாவுக்கும் இந்த வேலை புதிதல்ல. பாம்புக்கடி மருந்துக்காக ஹாப்கின் நிறுவனம் பிம்ப்ரியில் குதிரைகளை வளர்த்து அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து எடுத்து வருகிறது. குதிரையிடம் முடிந்தது மாட்டிடம் முடியாதா?

முடியும்; ஆனால் தடைகள் உண்டு. இந்திய மாடுகளிடம் கோமாரி போன்ற நோய்கள் பரவலாக இருக்கின்றன. எனவே தனியாக அடைத்து, நோய் அண்டாமல், ஒவ்வொரு மாட்டுக்கும் பதிவேடு வைத்து வளர்க்க வேண்டும். எடுத்த சீரத்தைக் காமா கதிர் வீச்சால் சுத்தம் செய்ய வேண்டும். பெரிய மாட்டின் சீரம் எல்லா வேலைக்கும் ஒத்துவராது. எதற்கு ஒத்துவரும் என்று சோதிக்க வேண்டும். மறுபக்கம், இந்தியாவுக்குச் சில அனுகூலங்களும் இருக்கின்றன. மாட்டுப் பைத்திய நோயைப் பொறுத்தவரை, ஆபத்து மிகக் குறைந்த நாடுகளின் பட்டியலில் உலக விலங்கு நல அமைப்பு இந்தியாவை வைத்திருக்கிறது. மருத்துவப் பொருள்களைக் கதிர் வீச்சால் சுத்தம் செய்யும் "ஐசோமெட்" நிலையம் 1974-லேயே டிராம்பேயில் வந்தாயிற்று. கிருமி வளர்க்கும் தீவனக் கலவைகள் செய்து விற்கும் தொழில் இதே மும்பையில் வேரூன்றியிருக்கிறது.

ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் என்ற தடுப்பூசிக் கம்பெனியை 1982-ல் தொடங்கியது யார் தெரியுமா? தேசிய பால்வள வாரியம். கோமாரி ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் அங்கே தயாராகின்றன. கோவாக்சினுக்கான மூலப்பொருளையும் 2021-ல் அங்கே தயாரித்தார்கள். நாட்டின் பால் மாடுகளைப் பற்றிய கணக்கு முழுவதும் எந்த வாரியத்திடம் இருக்கிறதோ, அதே வாரியத்தின் கையில் தடுப்பூசி ஆலையும் இருக்கிறது. தனி மந்தை ஒன்று வைத்துச் சோதித்துப் பார்க்க வேறு யாருடைய அனுமதியும் தேடி அலைய வேண்டியதில்லை. சீரம் இல்லாத தீவனத்துக்கு மாறும் நிறுவனத்துக்குக் கொள்முதல் விலையில் சில ரூபாய் கூட்டிக் கொடுப்பதும், எந்த ஊசியில் எந்தப் பிராணிப் பொருள் பயன்படுகிறது, அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ஒரு பக்கம் அச்சடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுவதும் டெல்லி செய்யக்கூடிய காரியங்கள். இரண்டாவது காரியத்துக்குக் காகிதச் செலவு மட்டுமே.